முன்பாத வெட்ஜ் பாக்கெட்: சோதித்துப் பார்க்க நல்லது, ஒட்டிவிட்டு மறக்க அல்ல

பாதத்தின் முன்பகுதியை ஒரு பக்கம் உயர்த்த ஷூவுக்குள் வைக்கும் ஆப்பு வடிவத் துண்டுதான் முன்பாத வெட்ஜ். ஒட்டுப் பசையோடு வருகிற அந்த வெட்ஜ் பாக்கெட்டை எங்கள் பட்டறையில் கொஞ்ச காலமாகவே பயன்படுத்தி வருகிறேன். 2, 4, 6 டிகிரி என்று மூன்று சாய்வு, ஒவ்வொன்றிலும் இரண்டு ஜோடி. ஈவிஏ என்கிற ரப்பர் மாதிரியான நுரை ஷீட்டில் வெட்டியது, தாளை உரித்து ஒட்ட வேண்டியதுதான். இதே சரக்கு இணையக் கடைகளில் நாலைந்து பெயரில் கிடைக்கிறது. அச்சு ஒன்று, அட்டைப்பெட்டி மட்டும் வேறு. அதனால் கம்பெனி பெயர் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. நான் வாங்கிய விலை 900 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. தட்டைப்பாதம், குதிகால் வலி, முழங்கால் வலி எல்லாவற்றுக்கும் ஆகும் என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள். அந்த வரியை நம்பி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மதுரையில் சின்னதாக ஒரு பட்டறை எங்களுடையது. காலிப்பர் (காலைத் தாங்கிப் பிடிக்கும் சட்டம்), செயற்கைக் கால், இன்சோல் எல்லாம் செய்வோம். நான் படித்ததும் அந்தப் படிப்புதான். என்னோடு வேலை பார்க்கும் அண்ணன் ஷூ தைத்துப் பழகியவர். கிரைண்டரில் ஈவிஏ சீவுவதில் அவர் கைக்கு ஈடு கிடையாது. பாக்கெட்டைப் பார்த்ததும், "இதை நானே சீவித் தந்துருவேனேம்மா, இதுக்கு எதுக்குக் காசு?" என்றார். அவர் சொன்னது பாதி சரி. மீதிப் பாதிக்குப் பின்னால் வருகிறேன்.

பாக்கெட்டைப் பிரித்ததும் வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்தேன். டிகிரியை அட்டையில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஷூவுக்குள் இடத்தைப் பிடிப்பது மில்லிமீட்டர். முன்பாதம் 80 மி.மீ. அகலம் என்றால் 4 டிகிரி சாய்வுக்குத் தடித்த ஓரம் 5.6 மி.மீ. வர வேண்டும். 6 டிகிரி என்றால் 8.4 மி.மீ. இந்த பாக்கெட்டில் வெட்ஜின் அகலம் 75 மி.மீ., 4 டிகிரி வெட்ஜின் தடித்த ஓரம் 5 மி.மீ.க்குச் சற்று மேல். கணக்கு ஒத்துப்போகிறது. 2 டிகிரியும் அப்படியே. 6 டிகிரியில் மட்டும் ஒரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் கையில் தடவினாலே வித்தியாசம் தெரிந்தது. அதைப் பெரிய குறையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. எட்டு மில்லிமீட்டரை முன்பாதத்துக்கு அடியில் வாங்கிக்கொள்கிற ஷூ நம் ஊர்க் கடைகளில் எத்தனை இருக்கிறது? உள்ளே திணித்தால் விரல் முட்டிகள் மேல்தோலில் உரசிக் காய்த்துப்போகும்.

தடித்த ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். தடம் பதிகிறது, அப்புறம் மெதுவாக மேலே வருகிறது. இன்சோலை ஒரு பக்கம் உயர்த்தி நிறுத்தும் போஸ்ட்டுக்கு என்று நாங்கள் எடுக்கும் ஈவிஏ, ரப்பரின் கெட்டித்தன்மையைச் சொல்லும் ஷோர் ஏ அளவில் 50ஐ ஒட்டி இருக்கும். அதில் நகம் இப்படி இறங்காது. இது மென்மை ரகம். முதல் நாள் போட்டுக்கொள்ள சுகமாக இருக்கும், சரி. ஆனால் எடை கூடுதலான ஆள் தினமும் போட்டு நடந்தால் அமுங்குவது தடித்த ஓரம்தான், ஏனென்றால் அங்கேதான் மிதி விழுகிறது. சாய்வுக்குக் காசு கொடுத்துவிட்டு, கடைசியில் வெறும் மெத்தை மிஞ்சும்.

போஸ்ட், வெட்ஜ் இரண்டையும் பிரித்துச் சொல்லாமல் மேலே போக முடியாது. கடைகளில் இரண்டையும் ஒரே சரக்கு மாதிரி விற்கிறார்கள். பிளாஸ்டர் அச்செடுத்து பாலிப்ராப்பிலீன் பிளாஸ்டிக் ஷெல்லில் (கெட்டியான ஓட்டில்) செய்கிற இன்சோல், விரல்களுக்குப் பின்னாலுள்ள உருண்டை எலும்புகளைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடும். அந்த ஷெல்லின் முன் விளிம்பை ஒரு பக்கம் உயர்த்தி நிறுத்துவதுதான் போஸ்ட். அச்சிலேயே சாய்வைத் திருத்திவிட்டால் வெளியே எதுவும் ஒட்ட வேண்டாம், ஷூவில் இடம் மிச்சம். ஷெல்லுக்கு அடியில் ஈவிஏ ஒட்டிச் சீவினால் பின்னால் கூட்டவோ குறைக்கவோ வசதி. எப்படிச் செய்தாலும், பாதம் முழுசாகத் தரையில் படிந்திருக்கும்வரைதான் போஸ்ட்டுக்கு வேலை. குதிகால் எழும்பி உடல் எடை உருண்டை எலும்புகள் மேல் போய்விட்டால் ஷெல் பின்னால் நின்றுவிடும். வெட்ஜ் அப்படி இல்லை. அது உருண்டை எலும்புகளுக்கு அடியிலேயே போய் விரல் மடிப்பு வரை நீள்கிறது. தரையை உந்துகிற கடைசி நொடி வரை காலுக்கு அடியில் இருக்கும். பலனும் அங்கேதான், வம்பும் அங்கேதான்.

யாருக்கு எந்தப் பக்கம் வைப்பது? குதிகாலை நேராகப் பிடித்துப் பார்க்கும்போது முன்பாதத்தின் உள்பக்கம், அதாவது பெருவிரல் பக்கம் தூக்கியிருந்தால் வேரஸ். சுண்டுவிரல் பக்கம் தூக்கியிருந்தால் வால்கஸ். தூக்கியிருக்கும் பக்கத்தில் இடைவெளியை நிரப்பினால் பாதம் அந்தத் தரையைத் தேடிச் சரிய வேண்டியதில்லை என்பது கணக்கு. கலிபோர்னியாவில் மெர்ட்டன் ரூட் என்ற பாத மருத்துவர் போன நூற்றாண்டில் முறைப்படுத்திக் கொடுத்தது இது. நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்போம். குதிகாலின் நடுவே பேனாவால் கோடு போட்டு, கணுக்காலுக்குக் கீழுள்ள மூட்டை நடுநிலையில் பிடித்து, சுண்டுவிரல் பக்கத்தை மேலே தள்ளிச் சாய்வை அளப்போம். நானும் அதைத்தான் படித்தேன், இன்றும் செய்கிறேன். ஆனால் அளந்த டிகிரியை அப்படியே வெட்ஜாக மாற்றுவதில்லை. பேனாக்கோடு ஒரு நூல் தள்ளிப்போனாலே விடை மாறிவிடும். 1988-இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில் முன்பாத வேரஸ் பத்துப் பாதத்தில் ஒன்றுக்குக்கூட இல்லை. 1994-இல் வந்த இன்னொன்றில் பத்தில் எட்டுக்கு மேல். இரண்டிலும் அளந்தது கோளாறு இல்லாதவர்களின் பாதங்களைத்தான். ஆறு வருடத்தில் மனிதர்களின் பாதமா மாறியிருக்கும்? அளக்கிற முறையும் கையும்தான் விளையாடியிருக்கின்றன என்பது என் எண்ணம்.

பாக்கெட் கைகொடுப்பது இந்த இடத்தில்தான். எண்ணை நம்பாமல், வைத்துப் பார்த்து முடிவு செய்யலாம். அண்ணன் சீவித் தருவது அழகாக இருக்கும். ஆனால் 2 டிகிரி ஒன்று, 4 டிகிரி ஒன்று என்று நோயாளி நின்றுகொண்டிருக்கும்போதே மாற்றி மாற்றி வைக்க முடியாது. நேற்று சீவியதும் இன்று சீவியதும் ஒரே அளவாகவும் இருக்காது. பாக்கெட்டில் எடுத்து வைத்தால் எடுத்து வைத்ததுதான். அதற்காகவே தாளை உரிக்காமல் ஒரு செட் தனியாக வைத்திருக்கிறேன்.

ஒரு போக்குவரத்து ஏட்டு வந்திருந்தார். சிக்னலில் நின்று நின்று முழங்காலுக்குக் கீழே எலும்பின் உள்ஓரத்தில் வலி. உட்கார்ந்தால் வளைவு தெரியும், நின்றால் காணாமல் போகும் பாதம். அவரே இணையத்தில் இந்த மாதிரி பாக்கெட் வாங்கி, 6 டிகிரியைத் தடித்த பக்கம் பெருவிரலுக்கு வருகிற மாதிரி பூட்ஸுக்குள் ஒட்டிவிட்டார். பழைய வலி அப்படியே இருக்க, பெருவிரல் மூட்டில் புது வலி சேர்ந்துகொண்டது.

வெறுங்காலில் நிற்கச் சொன்னேன். இரண்டு விரலைக் கொடுத்துப் பெருவிரலைத் தூக்கினேன். கொஞ்சம் அடம் பிடித்து மேலே வந்தது, கூடவே உள்வளைவும் எழும்பியது. அப்புறம் அவர் கொண்டுவந்த அதே வெட்ஜை அடியில் வைத்துத் தூக்கினேன். விரல் அசையவில்லை. நகம் வெளுக்கிற அளவுக்கு இழுத்தும் தரையோடு தரையாக இருந்தது.

"இப்ப ஏன் மேடம் வர மாட்டேங்குது?" என்றார்.

குதிகாலிலிருந்து விரல் வரை பாதத்தின் அடியில் ஒரு தடித்த சவ்வு ஓடுகிறது. விரல் மேலே மடங்கும்போது அந்தச் சவ்வு, கிணற்று ராட்டினத்தில் கயிறு சுற்றுவது போல, உருண்டை எலும்பைச் சுற்றி இழுபட்டு வளைவைத் தூக்கி நிறுத்தும். 1954-இல் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் விளக்கிய விஷயம். அது நடக்க வேண்டுமானால் பெருவிரலுக்குப் பின்னால் உள்ள எலும்பு கீழே இறங்க வேண்டும். தடித்த ஓரத்தை அதன் அடியிலேயே முட்டுக் கொடுத்துவிட்டால் எப்படி இறங்கும்? விரல் மடங்காது, மூட்டு நசுங்கும், வளைவும் எழாது. எந்தப் பாதத்தைத் தூக்கி நிறுத்த வாங்கினாரோ அதே பாதத்தை அது இன்னும் கீழே படுக்க வைக்கிறது.

இவருக்கு முன்பாதம் தூக்கியிருந்தது உண்மை. ஆனால் அது எலும்பில் பிறவியிலேயே இருந்த சாய்வு அல்ல. வருடக்கணக்காகப் பாதம் உள்பக்கம் சரிந்து சரிந்து, தசைநார்கள் அந்த நிலையில் இறுகிப்போனது. பெருவிரல் எலும்பைக் கையால் அழுத்தினால் கீழே வந்தது. அழுத்தி இறங்குகிற எலும்புக்கு அடியில் வெட்ஜ் வைக்கவே கூடாது. என்னைக் கேட்டால் பெட்டியின் மேல் அச்சடிக்க வேண்டிய ஒரே வரி இதுதான். விலை, டிகிரி, முழங்கால் எல்லாம் அப்புறம்.

6 டிகிரியை எடுத்துப் போட்டோம். குதிகாலுக்கு அடியில் உள்பக்கமாகச் சாய்வு கொடுத்தோம். முன்பாதத்துக்கு 2 டிகிரி துண்டை உருண்டை எலும்புக்குப் பின்னாலேயே நிற்கிற மாதிரி வெட்டி வைத்தோம். மறுபடி விரலைத் தூக்கிப் பார்த்தேன், வெறுங்காலில் வந்ததைவிடச் சுலபமாக வந்தது. அந்த ஏற்பாட்டில் சில வாரம் நடந்து பார்த்த பிறகுதான் ஷெல் செய்து கொடுத்தோம். விரல் வலி போய்விட்டது. கால் வலி குறைந்திருக்கிறது என்கிறார், முழுக்கப் போகவில்லை. எட்டு மணி நேரம் வெயிலில் நிற்கிற வேலைக்கு இன்சோல் என்ன செய்யும்?

இதற்கு நேர்மாறாக, உள்பக்க வெட்ஜ் இல்லாமல் முடியாத பாதங்களும் உண்டு. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு அக்கா, ஐம்பதைத் தாண்டியவர். கணுக்காலின் உள்பக்கம் ஓடும் தசைநார் பல வருடமாகத் தளர்ந்து, பாதம் சரிந்து, முன்பாதம் முறுக்கின நிலையிலேயே கெட்டிப்பட்டுவிட்டது. அவர் குதிகாலை நேராகப் பிடித்தால் பெருவிரல் பக்கம் ஆகாயத்தில் நிற்கிறது. அழுத்தினால் இறங்குவதில்லை. இந்தப் பாதத்தில் அந்த இடைவெளியை நிரப்பாமல் குதிகாலை மட்டும் நிமிர்த்தினால் பெருவிரல் தரையைத் தேடி முழுப் பாதத்தையும் மறுபடி உள்ளே இழுத்துவிடும். 2 வைத்தேன், 4 வைத்தேன். 4-இல் முகம் தெளிந்தது. "இப்பத்தான் காலு நெலத்துல இருக்கு" என்றார். 6 வைத்தபோது வெளிப்பக்கம் சாய்கிற மாதிரி இருக்கிறது என்று அவரே சொல்லிவிட்டார்.

அவருக்கு ஷூ ஒத்துவராது. கடையில் துணி விரிக்கிற மெத்தை மேல் வெறுங்காலோடுதான் பாதி நாள். 2021-இல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்று சட்டத்திருத்தம் வந்தும், அவர் நிற்பது ஒன்றும் பெரிதாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. பின்பட்டை வைத்த செருப்பில் எம்சிஆர் என்கிற மென்மையான ரப்பர் தளத்துக்கும் அடி சோலுக்கும் நடுவில் கெட்டியான ஈவிஏவில் 4 டிகிரி வெட்ஜைப் புதைத்து அண்ணன் தைத்துக் கொடுத்தார். பாக்கெட் வெட்ஜ் அங்கே அளவு சொல்ல மட்டும் உதவியது, செருப்புக்குள் போகவில்லை. போயிருந்தால் ஒரு மழைக்குத் தாங்கியிருக்காது.

வெளிப்பக்க வெட்ஜுக்கு எங்களிடம் அதிகம் வருவது கபடிப் பையன்கள். உயர்ந்த வளைவு, அடிக்கடி வெளிப்பக்கம் பிசகுகிற கணுக்கால். இவர்களில் சிலருக்குப் பெருவிரல் எலும்பு அளவுக்கு மீறிக் கீழே இறங்கி நிற்கும். அது முதலில் தரையில் பட்டு, பாதத்தையே வெளிப்பக்கம் கவிழ்த்துவிடும். ஒரு அங்குலப் பலகை போதும் சோதிக்க: குதிகாலும் சுண்டுவிரல் பக்கமும் பலகை மேல், பெருவிரல் பக்கம் மட்டும் ஓரத்துக்கு வெளியே தொங்க வேண்டும். பின்னால் நின்று பார்த்தால், கோணியிருந்த குதிகால் நிமிர்கிறதா இல்லையா என்று தெரியும். கோல்மன் சோதனை என்பார்கள். நிமிர்ந்தால் கோளாறு முன்பாதத்தில், வெட்ஜ் பிடிக்கும். நிமிராவிட்டால் முன்பாதத்தில் எத்தனை டிகிரி வைத்தாலும் குதிகால் திரும்பாது. நிமிர்கிற பாதத்துக்கு 4 டிகிரியைத் தடித்த ஓரம் சுண்டுவிரல் பக்கம் வரும்படி வைத்து, பெருவிரல் எலும்பு உட்காருகிற இடத்தை அரைவட்டமாக வெட்டி எடுத்துவிடுவோம். இதற்கு இந்த மென்மை ஈவிஏ நன்றாகவே இருக்கிறது. கத்தரிக்கோலாலேயே வெட்டலாம். மேட் விரித்த களத்தில் ஷூ போட்டு ஆடுகிறவனுக்குச் சரி. மண் தரையில் வெறுங்காலில் ஆடுகிறவனிடம், "தம்பி, இது வேண்டாம், கணுக்காலுக்குப் பயிற்சி செய்" என்று அனுப்பிவிடுகிறேன்.

சர்க்கரை நோயாளிகள் இந்த பாக்கெட் பக்கமே போக வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு வெட்ஜின் விளிம்பு உறுத்துவது தெரியாது. தடித்த ஓரம் என்றாலே அந்த இடத்தில் அழுத்தம் கூடுகிறது என்றுதான் அர்த்தம், அங்கே புண் வந்தால் தொல்லை. கடையில் இதை எடுத்துக் கொடுக்கிறவர் உணர்ச்சியைச் சோதிக்கும் 10 கிராம் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டா கொடுக்கிறார்?

முழங்கால் வலிக்கும் ஆகும் என்ற வரியைப் பற்றி: அது வெளிப்பக்கம் உயர்த்திய இன்சோல் பற்றிய பழைய நம்பிக்கை. மூட்டுத் தேய்மானத்துக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் ஒரு கட்டுரை வந்தது. சாய்வில்லாத சாதாரண இன்சோலோடு ஒப்பிட்டபோது வலியில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அதுவும் அவை குதிகாலிலிருந்து தொடங்குபவை. முன்பாதத் துண்டை வைத்து முழங்காலைச் சரிசெய்வேன் என்பது இன்னும் ஒரு படி மேல்.

பசை மோசம். மதுரை வெயிலில் வண்டி டிக்கியில் கிடந்த ஷூவிலிருந்து எடுத்தால் பசை இளகி, வெட்ஜ் மெல்லிய ஓரத்துப் பக்கமாக நகர்ந்திருக்கும். நகர்ந்த வெட்ஜ் வெட்ஜே இல்லாததைவிடக் கெடுதல், தடித்த ஓரம் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பசைத்தாள் பக்கத்தை லேசாக உரசி, ஷூ தைப்பவர்கள் வைத்திருக்கும் சொல்யூஷனை இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு ஒட்டுங்கள். ஒட்டுவது இன்சோலின் அடிப்பக்கத்தில். மேலே ஒட்டினால் விளிம்பு காலில் படும், சாக்ஸ் நூலெல்லாம் ஓரத்தில் சேர்ந்து அழுக்காகும்.

எங்கே ஒட்டுவது என்பதற்கு நாங்கள் செய்வது: பெருவிரல், சுண்டுவிரல் உருண்டை எலும்புகளின் அடியில் லிப்ஸ்டிக் தடவி, ஷூவில் இன்சோல் இருக்கும்போதே காலை விட்டு ஒரு தடவை நிற்கச் சொல்லுவோம். இன்சோலில் இரண்டு பொட்டு விழும். ஊசியால் அந்தப் பொட்டுகளைக் கீழே வரை குத்தினால் அடிப்பக்கத்தில் இடம் தெரிந்துவிடும். வெட்ஜின் முன்விளிம்பு விரல் மடிப்பைத் தாண்டக் கூடாது. இந்த பாக்கெட்டில் வெட்ஜ் கொஞ்சம் நீளம், 38, 39 அளவு ஷூ போடும் பெண்களுக்கு முன்னால் ஒரு விரற்கடை வெட்ட வேண்டியிருக்கும். வெட்டின இடம் செங்குத்தாக நிற்கும், அதை உப்புத்தாளில் தேய்த்துச் சரிவாக்காவிட்டால் விரல் நுனியில் படி மாதிரி தட்டும்.

பட்டறையோ பிசியோ கிளினிக்கோ வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். வைத்துப் பார்க்க, நோயாளிக்கு வித்தியாசத்தைக் காட்ட, ஷெல் செய்வதற்கு முன் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்க்க இதைவிட மலிவாக வேறு வழி இல்லை. அச்செடுத்துச் செய்கிற ஒரு ஜோடி இன்சோல் ஆயிரக்கணக்கில் போகிறது. அதை 4 டிகிரிக்குச் செய்துவிட்டு 2 போதும் என்று பின்னால் தெரிந்துகொள்வதற்கு இது எவ்வளவோ மேல். வீட்டில் தானாகவே ஒட்டிக்கொள்ள நினைப்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். அதையும் மீறி வாங்கினால் 2 டிகிரியோடு நிறுத்துங்கள், யாரையாவது விட்டுப் பெருவிரலைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், முன்னைவிடக் கஷ்டமாக வந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

ஒரு எரிச்சல் மட்டும் பாக்கி. 2, 4 இரண்டும் சீக்கிரம் தீர்ந்துபோகின்றன, ஒவ்வொரு பாக்கெட்டிலும் 6 டிகிரி அப்படியே மிஞ்சுகிறது. அண்ணன் அதில் சிலதை கிரைண்டரில் கொடுத்து 4 ஆக்கிவிட்டார், "நான் அப்பவே சொன்னேன்ல" என்ற முகத்தோடு. 2, 4 மட்டும் தனியாக, கொஞ்சம் கெட்டியான ஈவிஏவில் விற்கிற கடை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், அடுத்த ஆர்டர் அங்கே போட்டுவிடுகிறேன்.